இருட்டுக்குப் பழக்குதல்

மே இருபத்தெட்டு.
கொட்டகையின் வடக்குச் சுவரோரம்
ஒரு போர்வை அகலத்துக்கு இன்னும் பனி.
சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்றில்
இரும்பு வாசனை.
"இன்று வேண்டாம்" என்கிறார் ஆர்வோ.
போன வாரமும் இதையே சொன்னார்.
அதற்கு முந்தின வாரம் சொன்னது நியாயம்.

தபாலில் வந்தவை.
ஏப்ரலில் ஒரு விடியற்காலை, ஐந்தே முக்காலுக்கு,
ஹன்காக் தபால் நிலையத்து டார்லா போன் செய்து
"உங்கள் பெட்டி கத்துகிறது,
வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றாள்.
பதினாறு அனுப்பியிருந்தார்கள்.
பதினைந்து கத்தின.

சலவை மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தகரத் தொட்டி.
அதன் மேல் சங்கிலியில் தொங்கவிட்ட சிவப்பு விளக்கு
அன்றிலிருந்து ஒரு நிமிடம் அணைந்ததில்லை.
வாரம் ஒரு கண்ணி வைத்து
விளக்கை நான் உயர்த்த,
கீழே அவையும் உயர்ந்தன.
பஞ்சு போய் இறகு வந்தது;
கழுத்து மட்டும் பாதி பிய்ந்த தலையணை.
ஒன்று விளிம்பில் ஏறி நின்று
ஆர்வோவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் பார்த்தது.
மறுநாள் சட்டையின் மேலேயே நின்றது.
வீடெங்கும் மாவு போல ஒரு தூசி.
மின்கட்டண உறையை
இருவருமே பிரிக்கவில்லை.

"ராத்திரி ஐம்பது டிகிரி இருக்கணும்."
"நாற்பத்தாறு இருக்கும்."
"நாலு குறைகிறதே, ஹெல்மி."
"அதுகளுக்கு இறகு இருக்கிறது.
உங்களுக்குத்தான் இல்லை."

முப்பது குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
தக்காளி நாற்றையோ பூனையையோ
வெளியே விட அவருக்கு
இன்றுவரை மனம் வந்ததில்லை.

பூனைக் கூடையில் மூன்று மூன்றாக,
ஐந்து நடை.
உள்ளங்கைக்குள் ஒவ்வொரு இதயமும்
தையல் மெஷின் ஓட்டியது.
புல்லை மிதிக்கத் தெரியவில்லை.
ஒரு காலைத் தூக்கி யோசித்தன.
காற்று வந்தபோது பதினைந்தும் திரும்பி
யார் என்று பார்த்தன.
பிறகு ஒன்றுக்கு ஒரு புழு கிடைத்தது.
அதன் பிறகு
நாங்கள் யாரென்றே அவற்றுக்குத் தெரியாது.

இங்கே பொழுது அடைய ஒன்பதரை ஆகும்.
கூண்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம்,
உள்ளே புதிய மரச்சீவல், பரண், எல்லாம்.
ஒன்றுகூட ஏறவில்லை.
கம்பிவலையின் ஒரே மூலையில்
ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு,
அடியில் கிடப்பதற்கு மூச்சு முட்ட,
எல்லா அலகும் இந்தப் பக்கம்.
ஏன் இந்த மூலை?
திரும்பிப் பார்த்தேன்.
சமையலறை ஜன்னல்.

முட்டைக்குள் பார்த்ததோடு சரி.
அதற்குப் பின் இருட்டையே அறியாதவை.
இரவென்று ஒன்று வருமென்று
நாங்களும் சொல்லி வளர்க்கவில்லை.

ஆர்வோதான் முதலில் உள்ளே ஓடினார்.
சமையலறை அணைந்தது.
கூடம். மாடிப்படி. கராஜ்.
உறைபெட்டியின் பச்சைப் பொட்டின் மேல்கூட
ஒரு துண்டைப் போட்டிருந்தார், பிறகு பார்த்தேன்.
கறுத்துப்போன முற்றத்தில்
பன்னிரண்டை நான் தூக்கி வைத்தேன்.
மூன்று தாமாகவே ஏறின.

ஆறிப்போன பட்டாணி சூப்பை
இருட்டிலேயே குடித்தோம்.
கரண்டி அவர் பல்லில் மோதும் சத்தம்,
அதற்கப்பால், கூண்டிலிருந்து,
நூல் நூலாக ஒரு முணுமுணுப்பு.
"கேட்கிறதா?"
"கேட்கிறது."
"இப்போது?"
"இல்லை."
"செத்துவிட்டனவா?"
"தூங்கிவிட்டன, ஆர்வோ."

இரண்டு மணிக்கு விழித்தால் படுக்கையில் அவர் பக்கம் காலி.
வெறும் தொட்டிக்கு முன்னால்
அரைக்கால் சட்டையோடு நின்றிருந்தார்,
ஒரு கை சங்கிலியில்.
"நாற்பத்து மூன்று" என்றார்.
விளக்கைப் போடாமல்
அவருடைய கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் பதினைந்தும் சொல்லாமலே ஏறின,
பரணில் இடத்துக்குச் சண்டை போட்டபடி.
ஆர்வோ மட்டும் இன்னும்
ஒன்பதரைக்கெல்லாம் வீட்டை அணைத்துவிடுகிறார்.
பாத்திரத்தைத் தடவித் தடவிக் கழுவுகிறேன்.
அலமாரியில், காபி டப்பாவின் மூடியில்,
விரலில் ஒட்டுகிறது
அந்தத் தூசி.