பாதி தூரம்

மஹ்பூலாவில் நாலாம் மாடி.
ரவுட்டர் லிஃப்டுக்கு எதிரே ஒன்றாம் அறையில்.
நாங்கள் ஒன்பதில்.
இடையே ஏழு கதவு, ஒரு தண்ணீர் கூலர்,
யாரோ விட்டுப்போன இரும்பு பீரோ.
அலை வந்து சேர்வதற்குள்
நைந்த பனியன் ஆகிவிடும்.
குரல் வரும், முகம் வராது.
முகம் வரும்போது
வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

ஆளுக்கு ரெண்டு தினார் போட்டு
ஃபஹாஹீலில் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கினோம்.
உள்ளங்கை அளவு, வெள்ளை,
காதுபோல் இரண்டு ஆண்டெனா.
கையேட்டில் பதினாறு மொழி, தமிழ் இல்லை.
இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னிடம் தள்ளினார்கள்.
ஸ்டோரில் ரசீது எழுதுகிறவன் நான்.
என் இங்கிலீஷ் போல்ட், நட், வாஷர்.

முதல் பக்கம் சொன்னது:
சிக்னல் செத்த இடத்தில் வைக்காதே,
இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் வை.
தவசிமுத்துவுக்குக் கோபம்.
"நமக்குத்தானே இல்ல, நம்ம ரூம்ல வைக்காம?"
பிறகு அவனே யோசித்துச் சொன்னான்,
கிரேன் ஓட்டுகிறவன் அல்லவா:
"கை காட்டுறவன் ரெண்டு பேர் கண்ணுலயும் படணும்,
சரிதான்."

நிரோஷன் போனைத் தூக்கிப் பிடித்து நடந்தான்.
ரெண்டு கோடு. மூண்டு. ஐயோ, ஒண்டு.
கூலரைத் தாண்டினால் விழுந்தது.
பாத்ரூம் வாசலில் நன்றாக எழுந்தது,
ஈரம் ஆகாது என்று படம் போட்டிருந்தது.
மிச்சம் ஒரே இடம்,
ஐந்தாம் அறை. நேபாளத்து ஆட்கள்.
இரண்டு வருஷமாக
அவர்கள் செருப்புகளை மட்டும் தெரியும்.

தட்டினேன்.
தில்பகதூர் கரண்டியோடு திறந்தான்.
என் இந்தியும் அவன் இந்தியும்
வேறு வேறு கடையில் வாங்கியவை.
சுவரைக் காட்டினேன்.

இரட்டைச் சாக்கெட்டின் ஒரு கண்ணைக் கட்டில் மறைத்திருந்தது.
மற்றதில் ஒரு மல்ட்டி பிளக்,
அதன் வாலில் இன்னொன்று,
அதில் சோற்றுக் குக்கர், கெட்டில், நாலு சார்ஜர்.
பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தது.
கையை வைத்தேன், காய்ச்சல் அடித்தது.
ரெண்டாம் மாடி கருகியது
அவனுக்கும் நினைவிருந்தது.

கட்டிலை நகர்த்தினோம்.
குக்கருக்கு ஒரு கண், எங்களுக்கு ஒன்று.
கெட்டிலும் சார்ஜர்களும் எதிர்ச்சுவருக்கு.
வால் பிளக் குப்பைக்கு.
மேலே துண்டு போடாதே,
ஜன்னல் வெயில் காட்டாதே,
சுற்றிலும் நாலு விரல் மூச்சு விடு,
தொட்டால் இளஞ்சூடு சரி, சுட்டால் பிடுங்கு.
கையால் சொன்னேன்,
அவன் தலையால் கேட்டான்.

சிவப்பு.
வெகுநேரம் ஆரஞ்சு.
கட்டில் ஓரங்களில் பதினோரு பேர்.
பச்சை.
யாரும் கைதட்டவில்லை, எல்லாரும் போனை எடுத்தார்கள்.

பொறுங்கள் என்றேன்.
பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு
வாசலிலேயே தொங்கும் சாவி.
புதிதாக வைக்கணும்.
மகள் பெயர் கூடாது, பிறந்தநாள் கூடாது,
போன் நம்பர் கூடவே கூடாது.
"அப்ப எங்களிட்ட வேற என்ன இருக்கு?"
என்றான் நிரோஷன்.

இருந்தது.
தவசிமுத்துவின் கிரேன் எண்ணில் கடைசி மூன்று,
நிரோஷனின் ஷூ அளவு,
தில்பகதூர் சொன்ன,
எனக்கு எழுத வராமல் எழுதிய ஒரு மலைப்பறவை.
நடுவில் ஆச்சரியக்குறி பீர்முகம்மது வைத்தது.
அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பிப்ரவரியில் தவசிமுத்துவின் விசா கேன்சல் ஆனது.
ஆள் போனால் சாவியை மாற்று
என்கிறது பக்கம் முப்பத்தொன்று.
ஒரு மாதம் மாற்றவில்லை.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை செட்டிங்ஸைத் திறந்தேன்.
இணைந்த கருவிகளின் பட்டியலில்
சாம்பல் நிறத்தில் அவன் போன்.
பக்கத்தில்
மறந்துவிடு என்று ஒரு பொத்தான்.
இங்கிலீஷில் இருந்ததால்
அழுத்த முடிந்தது.

புது பாஸ்வேர்டைச் சொல்ல ஐந்தாம் அறைக்குப் போனேன்.
கெட்டில் பழைய சுவருக்கே திரும்பியிருந்தது,
எங்கிருந்தோ ஒரு புது வாலோடு.
காட்டினேன்.
தில்பகதூர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.