மற்றவை

புதன்கிழமை இரவு எட்டரை.
தோ பாயோவில் கோப்பிக்கடைக்கு மேல்மாடி,
குளிர்சாதனம் வாளியில் சொட்டும் அறை.
சகோதரர் செல்லத்துரை வெள்ளைப்பலகையில்
நீளமாய் ஒரு கோடு இழுத்தார்.
நடுவில் சிலுவை.
"அவர்கள் முன்னே பார்த்தார்கள்,
நாம் பின்னே பார்க்கிறோம்,
பார்த்த முகம் ஒன்றுதான்."
பேனாவில் மை தீர்ந்திருந்தது.
கோட்டின் இடது முனை
எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

அவர் பிறக்குமுன் செத்தவர்களுக்குக் கணக்கு எப்படி,
கடைசி வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.
வாக்கை நம்பினார்கள்,
கடன் அவர்கள் பெயரில் நின்றது,
அடைத்தவர் பிறகு வந்தார், என்றார்.
இருபத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தவள் நான்.
சட்டென்று புரிந்தது.
புரிந்ததுதான் தொல்லை.
கடன் வாங்கவும் ஒரு கை வேண்டும்,
கையெழுத்துப் போடத் தெரிந்த கை.

அவள் கைக்குத் தெரிந்தது
என் சுண்டுவிரலைப் பிடிப்பது மட்டும்.
ஒன்பது நாள்.
பதினோராம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம்.
மருத்துவமனைத் தாளில் 'பெண் குழந்தை',
அதற்குக் கீழே என் பெயர்.
பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை என்று
சுவா சூ காங்கில் புதைத்தார்கள்,
நெற்றியில் திருநீறு,
மணிக்கட்டில் கருகமணி.
அதற்கும் ஆறு வருடம் கழித்துத்தான்
கதிரேசனும் நானும் தண்ணீரில் இறங்கினோம்.
எங்கள் வீட்டு நாட்காட்டியில்
அவள் கி.மு. ஆறு.

செல்லத்துரையிடம் கேட்கவில்லை.
நல்லவர்.
பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

கடிதம் மார்ச்சில் வந்தது.
பதினைந்து வருடம் முடிந்தது, நிலம் வேண்டும்,
காலை ஏழு மணிக்கு வரவும்.
நீலக் கூடாரத்துக்குள் இருவர் தோண்டினார்கள்.
மண் சிவப்பு, அதற்குக் கீழே இன்னும் சிவப்பு.
எலும்பென்று எதுவும் இல்லை.
"சின்னப் பிள்ளைன்னா இப்படித்தாங்க,"
அறந்தாங்கிப் பேச்சில் ஒருவர் சொன்னார்,
ஒரு கைப்பிடி மண்ணைச் சல்லடையில் அலசி
உள்ளங்கையை நீட்டினார்.
ஒரே ஒரு மணி.
கறுப்பு போகவில்லை.

மேசையில் ஹஃபீஸ் என்று சட்டையில் எழுதிய பையன்,
கையில் கணினிப் பலகை.
இறந்தவர் சமயம்?
"இந்து," என்றார் கதிரேசன்.
"இல்லை," என்றேன்.
அப்புறம் நானே, "தெரியவில்லை" என்றேன்.
அப்புறம், "எதுவும் போடாதீங்க."
"ஆன்ட்டி, காலியா விட முடியாது.
விட்டா அடுத்த பக்கம் போகாது."
விரலால் பட்டியலைத் தள்ளினான்.
பௌத்தம், தாவோ, இஸ்லாம், கிறிஸ்துவம்,
இந்து, சீக்கியம்.
அடியில் 'மற்றவை'.
எங்களை நிமிர்ந்து பார்த்தான்.
யாரும் பேசாததால்
அதையே அமுக்கினான்.

எனக்கு அந்தக் கிழவன் ஞாபகம் வந்தான்,
ஊர் என்றே பெயர்கொண்ட ஊரைவிட்டு
எங்கே போகிறோம் என்று தெரியாமல் கிளம்பியவன்.
சிலுவை தெரியாது, கோயில் தெரியாது,
தன் நம்பிக்கைக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.
இந்த மேசைக்கு அவன் வந்திருந்தாலும்
ஹஃபீஸ் இங்கேதான் அமுக்கியிருப்பான்.
ஆனால் அவனை யாரோ கூப்பிட்டார்கள்.
அவளைக் கூப்பிட
எங்களிடமே பெயர் இருக்கவில்லை.
பெயரில்லாமலும் கூப்பிடத் தெரிந்தவர்
ஒருவர் உண்டா என்பதுதான்
பலகையில் இல்லாத கேள்வி.

மண்ணை ஒரு சிறு பெட்டியில் இட்டு
வெள்ளைத் துணி சுற்றினார்கள். அடுத்து மண்டாய்.
மணி என் கைக்குட்டையில்,
அதைப் பெட்டியில் போடச் சொல்லி
யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

பையன் அடுத்த பக்கம் போனான்.
"பெற்றுக்கொள்பவர் யார்?"

கதிரேசன் அடையாள அட்டையைத் தேடி
ஒவ்வொரு சட்டைப்பையாய்த் தட்டிக்கொண்டிருந்தார்.
கூடாரத்தை அதற்குள் அவிழ்த்துவிட்டார்கள்.
வெயில் நேராகக் குழிக்குள் விழுந்தது.