பதுங்கலுக்கு ஒன்பது

ஐந்து ரோட்டில் ஜபருல்லாவின் ஜெராக்ஸ் கடை
ஷட்டரைப் பாதி இறக்கியதும்
பாதாளக் கோட்டை ஆகிவிடும்.
குனிந்துதான் உள்ளே நுழையணும்.

கோவர்தனன் போன வெள்ளியே
மந்திரவாதியைச் செய்து முடித்துவிட்டான்:
நெருப்பு, பனி, மூன்று பக்க முன்கதை.
பெனடிக்டா ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவள்.
இருபது கொண்டை ஊசி வளைவும் தலைக்குள் சுற்ற
"இருங்கப்பா, முதல்ல ஒரு தட்டுவடை செட்" என்பாள்.
ராத்தங்கல் குகையில், சித்தி வீட்டில்.
(பூதம் காக்கும் குகையில்லை.
சேலத்துக் குகை. தண்ணீர் லாரி காக்கும் குகை.)

எனக்கு முப்பது புள்ளி.
ஒரு பென்சில், ஒரு ரப்பர், காலிக் கட்டங்கள்.

பலத்துக்கு எட்டு போட்டேன்.
அழித்தேன். ஐந்து.
லாவகத்துக்குப் பத்து.
பேச்சுக்கு ஒன்று, அதுவே அதிகம்.
பதுங்கலுக்கு ஒன்பது.
மிச்சத்தை அடிதாங்க வைத்துக்கொண்டேன்.

"அப்போ திருடி" என்றான் ஜபருல்லா.
இல்லை, போர்வீரி.
"ஒளியணும்னா திருடிதான். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."
திருடி ஒளிவது ஓடுவதற்கு.
இவள் ஒளிவது
எங்கே நிற்பதென்று
தானே முடிவுசெய்ய.

"சரி, சங்கிலிக் கவசம் வேணாம். கலகலன்னு காட்டிக்கொடுத்துடும்."

என்னிடமா சொல்கிறான்?
சிவதாபுரம் பட்டறையில்
பகலெல்லாம் கொலுசு குலுக்கிப் பார்ப்பது என் வேலை.
நாளைக்கு நூற்றைம்பது ஜோடி.
ஊமை முத்து வந்தால் திருப்பி அனுப்புவேன்.
மெருகுத்தூள் ஏறியதா,
பற்றவைப்பு உள்ளே வழிந்ததா,
மெழுகு அடைத்ததா,
காது சொல்லும்.

ஏழு வயதில் எனக்கும் ஒரு ஜோடி போட்டார்கள்.
அழகுக்கு என்றார்கள்.
எந்த அறையில் நிற்கிறேன் என்பது
அடுப்படிவரை தெரிந்தது.
விரல் மடக்கி
மாடிப்படியின் ஓரமாகவே ஏறப் பழகினேன்.
அந்த அனுபவப் புள்ளிகளை
எந்தத் தாளிலும் யாரும் ஏற்றவில்லை.

ஆகவே சொன்னேன்:
வளையத்துக்கு வளையம் தேன்மெழுகு,
இடையில் பட்டுநூல்.
"நூல் நான் தர்றேன், எங்க தறியில கழிவு நிறையக் கிடக்கு"
என்ற கோவர்தனன் சட்டென்று குரலைத் தாழ்த்தி
"மந்திரவாதி சொல்றான்" என்றான்.

ஜபருல்லா புத்தகத்தைப் புரட்டினான்.
முன்னிருந்து பின், பின்னிருந்து முன்.
மெழுகு பற்றி ஒரு வரி இல்லை.
"நாற்பது பொற்காசு. தீப்பந்தம் பக்கம் போனா உருகும்."
சம்மதம்.

கோட்டை ஒரு மலைமேல்.
மூடுபனி, சில்வர் ஓக், சரிவெல்லாம் ஈரம்.
"இது எங்க காபித் தோட்டம்டா" என்றாள் பெனடிக்டா.
"வாட்ச்மேன்கூட அதே ஆளு."

மதிலோரம் நகர்ந்தேன்.
மூச்சையும் பாதியாக விட்டேன், நிஜமாகவே.
இருபது முகப் பகடை மேசையைத் தாண்டிக் குதித்து
லேமினேஷன் மெஷினுக்கு அடியில் போனது.
நாலு பேரும் முட்டிபோட்டுச்
செல்போன் வெளிச்சத்தில் தேடினோம்.

ஒன்று.

ஒன்று விழுந்தால் ஒன்பதைக் கூட்ட முடியாது.
யாரோ பந்தத்தை உயர்த்திப் பிடிக்க
மெழுகு சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
பதினாறு காவலர்
ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.
"யாரது?"

இந்தக் கேள்விக்கு
இருபத்தாறு வருஷமாக என்னிடம் இருந்த பதில்
'ஒண்ணுமில்ல, நான்தான்.'

"என்ன பண்றே?" ஜபருல்லா காத்திருந்தான்.
ஈட்டியை ஊன்றுகிறேன்.
"பேர் கேக்கறாங்க."
தாளில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலி.
அழித்து அழித்து அங்கே சின்ன ஓட்டை.
ஓட்டையைச் சுற்றி எழுதினேன்:
பரல்.

மணி பத்தேகால். மிச்சம் அடுத்த வெள்ளி.
ஷட்டர் பாதியிலேயே சிக்கிக்கொண்டது.
ஆளுக்கொரு உதை கொடுத்துப் பார்த்துவிட்டுக்
குனிந்தே வெளியே வந்தோம்,
பதினாறு பேருக்கு எதிரே
அவளை அப்படியே நிற்கவிட்டு.