இதரம்

பூம்பாறைக்கு அப்பால் மண் சரிந்த மறுநாள்
கொடைக்கானலில் கூட்டம்.
பதிவேட்டைப் பாலிதீன் பைக்குள் சுற்றிக்கொண்டு
நடை பாதி, ஜீப் பாதியாகப் போய்ச் சேர்ந்தேன்.

சுவரில் வரைபடம்.
சோலைக்குப் பச்சை, ஏரிக்கு நீலம்,
வரையாட்டுக்குப் பழுப்புப் புள்ளி,
மலைப்பூண்டுக்குக்கூட ஒரு நிறம் இருந்தது.
இன்னும் இருபது வருடத்தில், முப்பது வருடத்தில்
மலை மாறிவிடும் என்றார்கள்.
எங்கள் ஊரை விரலால் தேடினேன்.
மழைமானி வைத்த இடமாக அது இருந்தது.

என் கையில் கார்த்திகை மாதப் பக்கம்.
குழந்தைவேலன், பூண்டுக் கட்டைப் புகையில் காயவைக்கிறவர்,
நாற்பத்தொன்று.
சடையாண்டி மகள் பூங்கோதை, ஏழு.
ஸ்வெட்டருக்குள் நூற்று மூன்று டிகிரி.
குளிர்க்காய்ச்சல்தானே சிஸ்டர் என்று
மூன்று நாள் மிளகு ரசம் கொடுத்திருக்கிறார்கள்.
கொசுவைத் தெரியாத ஊர்.
கடித்ததை ஏதோ பூச்சி என்றுதான் சொன்னார்கள்.

வலை கேட்டு இரண்டு முறை எழுதினேன்.
'அவ்வளவு உயரத்தில் கொசு இராது'
என்று பதில் வந்தது.
கொசு அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை.

பேச எனக்கு மூன்று நிமிடம்.
கைப்பையிலிருந்து இருமல் மருந்துப் புட்டியை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.
தண்ணீருக்குள் எட்டுப் புழுக்கள்
வளைந்து வளைந்து நிமிர்ந்தன.
பள்ளிக்கூடத்து டிரம்மில் எடுத்தது ஐயா,
நேற்றுக் காலை.
தலைமை தாங்கியவர் தன் டீ டம்ளரை
மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டார்.
அன்று எடுக்கப்பட்ட முதல் முடிவு அது.

மலைக்கு என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள்.
பூங்கோதைக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது.
ஈறில் ரத்தத்தோடு
சரிவுக்கு இந்தப் பக்கம் அவள்,
அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்.
தகப்பன் தோளில் போட்டு முழங்கால் சேற்றில் இறங்கினான்,
டார்ச் பிடித்தது நான்.
அந்தச் சேற்றுக்கு என்ன நிறம் தருவீர்கள்?

யாரோ இருமினார்கள்.
மணி அடித்தது.

கூட்டக் குறிப்பு சாயங்காலமே கைக்கு வந்தது.
பொருள் பதினொன்று.
இதரம்: சுகாதாரம்.
பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி
பதினொன்றை அடித்து, ஒன்று என்று எழுதினேன்,
என் பிரதியில் மட்டும்.

தேனி ஆஸ்பத்திரியிலிருந்து சடையாண்டி பேசினான்.
கண் திறந்து இட்லி கேட்டாளாம்.
எத்தனை இட்லி என்று கேட்டேன்,
வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால்
புட்டியைக் கவிழ்க்கக் காய்ந்த மண் தேடினேன்.
தூறல் விடவில்லை.
ஏரிக்கரை, கடைவீதி, கோயில் வாசல்,
எங்கே காலை வைத்தாலும்
ஈரம்.