ஒரு மயிரிழை தாமதம்

லூட்டனில், கார் தொழிற்சாலைக்குப் பின்னால்
பூட்டிக் கிடந்த தொப்பிக் கிடங்கின் மாடி.
நாங்கள் நான்கு பேர், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.

எர்ரல் பின்னக் இரவு ஷிப்ட் முடிந்து
நகக்கண்ணில் கிரீஸோடு வருவான்.
அவன் பேஸ் கிதாரின் தடித்த தந்தி
எப்போதும் கறுத்தே இருக்கும்.
கிளைவ் ஆட்லியின் மின்பியானோவில்
இரண்டு கட்டைகள் ஊமை.
அவற்றைத் தாண்டித் தாண்டி அவன் வாசித்ததைத்தான்
பின்னாளில் பத்திரிகைகள் ‘அவர்கள் பாணி’ என்றன.
லொர்னா பெக்கிள்ஸ் பாடினாள்.
நான் டிரம்ஸ்.

லண்டனில் ஒரு வெள்ளிக்கிழமை,
“கறுப்பர்கள் இன்னிக்குப் போதும்” என்றான் வாசலில் நின்றவன்.
வாசிக்கப் போவதே இவர்கள்தான் என்றேன்.
“அப்போ பின்வாசல்” என்றான்.
குப்பைத்தொட்டிகளைக் கடந்து மேடை ஏறினோம்.
அன்றைக்குத் தரை அதிர்ந்தது,
அவன் காலடியிலும் அதிர்ந்திருக்கும்.

ஐந்நூறு இசைத்தட்டுகள்,
வெள்ளை லேபிள், பெயர்கூட இல்லை,
கார் டிக்கியிலிருந்தே விற்றோம்.
பதினாலாம் மாடியிலிருந்து ஒரு திருட்டு வானொலி
ஞாயிறு மதியம் அதை மூன்றுமுறை போட்டது;
நாலாவது முறை போலீஸ் கதவைத் தட்டியதாம்.

அந்தக் குளிர்காலம் கிளைவ் ஒரு பெட்டி கொண்டுவந்தான்.
ஜப்பான் சரக்கு.
அதற்கு வியர்க்காது, சம்பளம் கேட்காது,
வேனில் மடிமேல் வைத்துக்கொள்ளலாம்.
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
“கைதட்டல் மட்டும் தகரமா இருக்கு,
நீ தட்டிக் கொடேன் கீத்” என்றான் எர்ரல்.

எதிரொலிக்காகப் படிக்கட்டில் நின்று தட்டினேன்.
விரல்கள் விறைத்திருந்தன.
ஒவ்வொரு தட்டும் மயிரிழை பிந்தி விழுந்தது.
திரும்ப எடுக்கலாமா என்றேன்.
“வேண்டாம். இடுப்பு அங்கேதான் காத்திருக்கு”
என்றாள் லொர்னா.

அறுபத்தெட்டு. முப்பத்தொன்று. ஒன்பது.

தொலைக்காட்சியில் அவர்கள் வந்த வியாழக்கிழமை
நான் மீன் வறுவல் கடையில், கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால்.
எவனோ ஒரு பையன், நல்ல பல்வரிசை,
சத்தம் வராத ரப்பர் தாளத்தை
சிரித்துக்கொண்டே அடித்தான்.
கைதட்டலுக்கு ராயல்டி கிடையாது என்று
வக்கீல் ஏற்கெனவே சொல்லியிருந்தார்,
அதற்கும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு.

வரிசையில் ஒரு பெண், மழைக்கோட்டில் நீர் சொட்ட,
பாட்டுக்கு மெல்லத் தோளை அசைத்தாள்.
பிறகு, தன்னையறியாமல்,
தட்டினாள்.
சரியான இடத்தில் அல்ல.
என் இடத்தில்.

உப்பு கூடப் போட்டுவிட்டேன்.
அவள் கவனிக்கவில்லை.