மூச்சு வாங்கும் ஊர்

எங்கள் திரினிதாதில்
ஆகப் பெரிய மேடு, வேகத்தடை.
அங்கே பன்னிரண்டு வருஷம்
வீடு வீடாய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவள் நான்.
புது வேலைக் கடிதத்தில் லா பாஸ் என்று இருந்தது.
எவ்வளவு உயரம் என்று இல்லை.
அதாலித் சட்டைக்குள் கைவிட்டு
போன வருஷம் கம்பிவலை வைத்த இடத்தைத் தடவினான்.
"இதைக் கேட்டாயா?" என்றான்.

தலைகீழ் ஊர்.
மேட்டுக்குடிகள் எல்லாரும் பள்ளத்தில் இருக்கிறார்கள்.
இறங்க இறங்க வாடகை ஏறுகிறது,
வேலியில் பூ வருகிறது,
நாய்க்குச் சட்டை வருகிறது.
காற்று கனக்கிறது,
கூடவே முன்பணமும்.

எந்தப் பேட்டை நல்லது என்று
அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன்.
"என்னுடையதைத் தவிர எதுவும்" என்றான் கிரிசாந்தோ.
அவன் மச்சான் அதே தெருவில்
ஒரு வீடு காலியாக இருக்கிறதென்று
மாலையே போன் செய்தான்.

முதலில் எல் ஆல்ட்டோ. உச்சி.
தரகர் சோசிமா கேபிள் காரில் ஏற்றிப் போனாள்.
மூன்று அறை, மொட்டைமாடி,
கை நீட்டினால் பனிமலை,
என் சம்பளத்தில் கால்வாசி.
"வியாழனும் ஞாயிறும் சந்தை,
விமான இறக்கைகூடக் கிடைக்கும்" என்றாள்.
நாலாம் படியில் நின்றுவிட்ட அதாலித்
சந்தையைப் புகழத் தொடங்கினான்.
நடுவழியில் ஒருவன் இப்படி ரசித்தால்
முகத்தை அல்ல, உதட்டைப் பார்க்க வேண்டும்.
நாவல்பழம் தின்ற நிறம்.

பிறகு கலாகோட்டோ. அடிவாரம்.
இங்கே அவன் விசிலடித்தான்.
யாரைப் பார்க்க வந்தோம் என்று
ஒரு காவலாளி கேட்டார்.
திரும்பும்போதும் கேட்டார்.
பழக்கதோஷம், குனிந்து மீட்டரைப் படித்தேன்:
அந்த வீட்டு ஒரு மாதத் தண்ணீரில்
எங்கள் பழைய தெருவே குளித்திருக்கலாம்.
வாடகையைச் சொன்னார்கள்.
விசில் நின்றது.

நாலு நாளும் கேபிள் கார்க் கண்ணாடியில்
நெற்றியை ஒட்டிக்கொண்டு வந்த மகள் இல்சே
கூரைகளில் நிற்கும் நாய்களை எண்ணினாள்.
நாற்பத்தொன்று நின்ற பேட்டை அவளுக்குப் போதும்.
சோசிமா எல்லாவற்றையும் நிமிடத்தில் சொன்னாள்,
பள்ளிக்கு எட்டு, மருத்துவமனைக்குப் பதினைந்து.
யாருடைய நிமிடம் என்று சொல்லவில்லை.
இருவரில்
நாய்க்கணக்குதான் நம்பும்படி இருந்தது.

வியா சான் அந்தோனியோ, நடுச்சரிவு.
பெயர் தெரு, ஆள் படிக்கட்டு.
நூற்றுப் பன்னிரண்டு.
வீடு வாடகைக்கு இல்லை, ஒத்திக்கு:
மொத்தமாய்க் கொடு, இரண்டு வருஷம் இரு,
போகும்போது கொடுத்ததை எண்ணி வாங்கிக்கொள்.
அறுபத்தேழாம் படியில்
விளக்குக் கம்பத்தோடு சங்கிலியிட்ட
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
அதாலித் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தான்.
எதிர்க்கடை எலியோதோரா
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"உட்காரக் காசில்லை" என்றாள்.
"மூச்சு வாங்குகிறவர்கள்
எப்படியும் ரொட்டியும் வாங்குவார்கள்."

அவளை அங்கேயே பிடித்துவிட்டது
என்று சொல்ல ஆசைதான்.
ரொட்டி நேற்றையது.
ஆனால் இத்தனை நாளில் ஒருத்தியாவது
தூரத்தை மூச்சில் அளந்து வைத்திருந்தாள்,
வியாபாரத்துக்காக என்றாலும்.

மேலே போய்
குழாய் எல்லாம் இறுக மூடிவிட்டு
மீட்டரின் சிவப்பு முள்ளையே பார்த்திருந்தேன்.
நகர்ந்தது.
எறும்பு சர்க்கரையை இழுப்பதுபோல.
அடுப்பங்கரைச் சுவருக்குப் பின்னால் கசிவு,
முழங்கை அகலத்துக்குப் பாசி.
சோசிமாவிடம் மூச்சுவிடவில்லை.
வீட்டுக்காரரிடம் சொன்னேன்,
ஒத்தித் தொகை பேசும் நேரத்தில்.

இல்சே மாடியில் நின்று
பதினேழு, பதினெட்டு என்கிறாள்.
கீழே அறுபத்தேழில்
அதாலித் இரண்டாவது ரொட்டியைக் கடன் சொல்கிறான்.
எலியோதோரா எழுத்துக்கூட்டிக் கேட்கிறாள்.
பெயர் நோட்டில் ஏறிவிட்டது.
இனி வேறு பேட்டை பார்ப்பது கஷ்டம்.