கூவிப் பார்த்தவன்

ஜூனில் பொரித்தவன்.
இரவே இல்லாத ஐஸ்லாந்து ஜூன்.
ஓட்டை உடைத்தபோது வெளிச்சம்,
முதல் தூக்கம் முழுக்க வெளிச்சம்.
அதனால்தானோ என்னவோ
பகல் தனக்கு வரவேண்டிய பாக்கி
என்பதுபோல ஒரு நடை.

அக்டோபரில் ஓர் அதிகாலை
மீன் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து
விறைத்த விரலோடு கதவைத் தள்ளினேன்.
துருப்பிடித்த கீல் அழுதது.
எண்ணெய் விடச் சொன்னேன் பெர்கூரிடம்.
விட்டார். மறுநாளும் அழுதது.
கீல் இல்லை, அவன்.
கொல்லையில் நின்று
யார் கூவியது என்று
தானே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் நடுவில்
தெற்கு மலை சூரியனை எடுத்துக்கொண்டது.
கடல் உள்ளே புகுந்து முட்டி நிற்கும் மூலையில் எங்கள் ஊர்;
பத்து வாரம் இப்படித்தான்.
விளக்கைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தோம்.
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கூவினான். விடியவில்லை.
மூன்றரைக்குக் கூவினான்.
துறைமுக விளக்கைப் பார்த்து,
பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் சுழலைப் பார்த்து,
எதிர்வீட்டு ஹால்வார்தூர்
சிகரெட்டுக்குக் கிழித்த தீக்குச்சியைப் பார்த்து.
தான் கூவித்தான் பொழுது விடிகிறது
என்று நம்பிவிட்ட ஒருவனுக்கு
அது எவ்வளவு பெரிய அவமானம்!

கோபமெல்லாம் பெட்டைகள் மேல் போயிற்று.
ஒற்றை இறக்கையைத் தரையில் உரசி
ஒருக்களித்து ஆடிக்கொண்டே நெருங்குவான்,
ஆட்டம் முடியுமுன் பாய்வான்.
ஸ்கெஸ்ஸா மூத்தவள்,
போன குளிரில் கால்விரல் ஒன்றைத் தோற்றவள்.
அவசரமில்லாமல் திரும்பி
கொண்டையில் ஒரே கொத்து.
அவன் போய் என் பூட்ஸோடு சண்டை போட்டான்.
தபால் கொண்டுவந்த ராக்னாவின் கெண்டைக்காலில்
ரத்தம் வரவைத்தான்.
அண்டங்காக்கை தாழப் பறந்த அன்றோ
முதலில் கூட்டுக்குள் ஓடியது அவன்தான்.
ஆறு பெட்டைகளும் வெளியே.

"சூரியக் காபிக்கு சூப்" என்றார் பெர்கூர்.
சூரியன் திரும்பும் நாளில் இங்கே
பான்கேக் சுட்டு, காபி போட்டு
ஜன்னலோரம் உட்காருவோம்.
காலண்டரில் ஜனவரி இருபத்தைந்தைச் சுற்றிப்
பென்சிலால் வட்டம் போட்டார்.

எப்போது மாறினான் என்று தெரியாது.
டிசம்பரில் ஐந்து நாள் புயல்,
கூட்டைத் திறக்கவில்லை.
உள்ளே என்ன பஞ்சாயத்தோ,
வெளியே வந்தவனின் குரல்
ஒரு படி கீழே இறங்கியிருந்தது.
நான் வீசிய மீன்தோலை அலகில் எடுத்தான்.
டுக், டுக், டுக்.
கீழே போட்டான், எடுத்தான், போட்டான்.
ஸ்கெஸ்ஸா வந்து விழுங்கும்வரை
விழுங்கவில்லை.
பசி அவன் கழுத்தில் ஏறி இறங்கியது.

பிறகொரு நாள் சின்ன விமானம் ஒன்று
மலையிடுக்கில் வந்தது.
அடித்தொண்டையில் நீளமாக உறுமினான்.
பெட்டைகள் ஆறும் காருக்கு அடியில்.
அவன் மட்டும் வெட்டவெளியில்
ஒரு கண்ணை வானத்துக்குச் சாய்த்து,
விமானம் அக்கரையில் இறங்கும்வரை.
விமானத்தைப் பார்த்துப் பயந்தவன் என்று சிரித்தேன்.
ஓடவில்லையே என்பது
பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.

இருபத்தைந்தாம் தேதி மேகம். மறுநாளும் மேகம்.
இருபத்தேழு, ஒரு மணி வாக்கில்
வேலியின் மேல் வந்தது,
பிறகு பனிமேல்,
ஒரு கதவு அகலத்துக்கு வெளிச்சம்.
இதோ கூவப்போகிறான் என்று
காபிக் கோப்பையைப் பாதியில் நிறுத்தினார் பெர்கூர்.

கூவவில்லை.
அதன் ஓரத்தில் நின்று
டுக், டுக், டுக்.
தின்ன அங்கே ஒன்றுமே இல்லை.
ஆனாலும் ஒவ்வொருத்தியாக வந்து
அதில் ஏறி நின்றார்கள்,
கடைசியாக ஸ்கெஸ்ஸா,
இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி.
அவன் கால் மட்டும் நிழலில்.

நான்கு நிமிடம். பிறகு மலை.

பெர்கூர் தன் பான்கேக்கில் பாதியைக் கிழித்து
ஜன்னல் வழியே எறிந்தார்.
சூப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கூவினான்.
பத்து மணிக்கு
ராக்னாவின் இன்னொரு காலையும் கொத்தினான்.